மழையில் வளைவில் கார் திரும்ப மறுத்தால்: அண்டர்ஸ்டியர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வால்பாறை, ஏற்காடு, கொல்லிமலை, குன்னூர் என்று மழைக்காலத்தில் மலையேறுகிறவர்கள் பலரும் சமவெளியில் நன்றாக ஓட்டுபவர்கள்தான். ஆனால் ஈரமான கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பியும் வண்டி நேராகவே போகும்போது என்ன செய்வது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. லைசென்ஸ் வாங்கும்போது எட்டுப் போட்டுக் காட்டியதோடு சரி. இந்தப் பக்கம் அவர்களுக்காக எழுதியது.

அண்டர்ஸ்டியர் என்றால் என்ன?

நீங்கள் ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினீர்களோ அந்த அளவுக்கு வண்டி திரும்பாமல், வளைவின் வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போவதுதான் அண்டர்ஸ்டியர். முன் டயர்கள் சாலைப் பிடியை இழந்துவிட்டன, பின் டயர்கள் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். இதற்கு நேர்மாறாகப் பின்பக்கம் வழுக்கி வண்டி சுற்றப் பார்த்தால் அது ஓவர்ஸ்டியர்.

நம் ஊரில் வண்டி இடப்பக்கம் போவதால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இடது வளைவில் அண்டர்ஸ்டியர் வந்தால் எதிரே வரும் பஸ்ஸின் பாதைக்குள் போய்விடுவீர்கள். வலது வளைவில் வந்தால் சாலையின் இடது ஓரத்துக்குப் போவீர்கள். அங்கே இருப்பது வாய்க்காலா, பாறையா, தடுப்புச்சுவரா, பள்ளத்தாக்கா என்பது அந்தந்த இடத்தைப் பொறுத்தது.

என் கார் சின்ன கார்தானே, அதற்குமா இது வரும்?

சின்ன கார்களுக்குத்தான் அதிகம் வரும். ஸ்விஃப்ட், பலேனோ, ஐ10, ஐ20, டியாகோ, நெக்ஸான், க்ரெட்டா, எர்டிகா எல்லாமே முன் சக்கரத்தால் இழுக்கப்படும் வண்டிகள். இன்ஜின், கியர்பாக்ஸ் இரண்டும் முன்னால் இருப்பதால் எடையில் சுமார் 60 சதவீதம் முன் டயர்கள் மேல் உட்கார்ந்திருக்கிறது. வண்டியை இழுப்பது, திருப்புவது, பிரேக்கின் பெரும்பங்கைத் தாங்குவது என்று மூன்று வேலையும் அதே இரண்டு டயர்களுக்குத்தான். பின் டயர்கள் பெரும்பாலும் சும்மா உருண்டு வருகின்றன.

கார் நிறுவனங்கள் இதைத் தெரிந்தேதான் இப்படி அமைக்கின்றன. முன்பக்கம் வழுக்கினால் சாதாரண ஓட்டுநர் பயந்து ஆக்ஸிலேட்டரை விடுவார், வேகம் குறையும், பெரும்பாலும் பிடி திரும்பக் கிடைத்துவிடும். பின்பக்கம் வழுக்கினால் அதைச் சமாளிக்கப் பழக்கம் வேண்டும். அதனால் முதலில் முன்பக்கம் வழுக்கட்டும் என்றே சஸ்பென்ஷனைச் சரிசெய்து வைக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது சரியான முடிவு.

திருப்பினால் திரும்பத்தானே வேண்டும்? இன்னும் கொஞ்சம் திருப்பினால் என்ன?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

டயர் சாலையைப் பிடிக்கும் சக்தி ஓர் அளவுக்கு உட்பட்டது. கையில் 100 ரூபாய் இருக்கிறது என்று வையுங்கள். பிரேக்குக்கு 60 செலவழித்தால் திரும்புவதற்கு முழு நூறும் கிடைக்காது. ஆக்ஸிலேட்டரை மிதித்தாலும் அதே பையிலிருந்துதான் போகும். மழை பெய்தால் அந்த நூறே ஐம்பதாகிவிடும்.

அடுத்தது கோணம். சக்கரம் பார்க்கும் திசைக்கும் அது உண்மையில் போகும் திசைக்கும் நடுவே சில டிகிரி வித்தியாசம் இருக்கும்போதுதான் டயர் அதிகபட்சமாகப் பிடிக்கிறது. அதற்கு மேல் திருப்பத் திருப்பப் பிடி கூடாது, குறையவே செய்யும். டயர் உருள்வதை விட்டுவிட்டுச் சாலை மேல் பக்கவாட்டில் தேய்ந்துகொண்டு போகும். ஈரத்தில் அந்த எல்லை இன்னும் சீக்கிரமே வந்துவிடும். ஆகவே வண்டி திரும்பவில்லை என்று பார்த்து ஸ்டீயரிங்கை இன்னும் ஒரு சுற்று சுற்றினால், கொஞ்சநஞ்சம் இருந்த பிடியையும் நீங்களே கெடுக்கிறீர்கள்.

அதைவிட மோசமான பின்விளைவு ஒன்று உண்டு. முழுக்கத் திருப்பி வைத்திருக்கும் நேரத்தில், வேகம் குறைந்தோ காய்ந்த இடம் வந்தோ முன் டயர் திடீரென்று பிடித்துக்கொண்டால், வண்டி நீங்கள் திருப்பி வைத்த பக்கம் வெடுக்கென்று பாயும். வெளிப்பக்கம் போய்க்கொண்டிருந்த வண்டி ஒரு நொடியில் உள்பக்கப் பாறையில் மோதுவது இப்படித்தான்.

அப்படியானால் அந்த நொடியில் என்னதான் செய்ய வேண்டும்?

முன் டயரிடம் கேட்பதைக் குறைக்க வேண்டும்.

முதல் வேலை ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுப்பது. வெடுக்கென்று உதறாமல், சீராக, ஆனால் தாமதிக்காமல் எடுங்கள். வேகம் குறையும்போது வண்டியின் எடை கொஞ்சம் முன்பக்கம் சாயும், முன் டயர்கள் சாலையில் அழுந்தும். அதோடு கூடவே, திருப்பி வைத்திருக்கும் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் திரும்ப விடுங்கள். நேராக்கச் சொல்லவில்லை, கூடுதலாகத் திருப்பியதை மட்டும் விட்டுக்கொடுத்தால் போதும். பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு ஸ்டீயரிங்கைத் தளர்த்துவது மனசுக்கு ஒப்பாத வேலைதான். அதனால்தான் இதை முன்கூட்டியே மனதில் பதிய வைக்கச் சொல்கிறேன்.

அப்புறம் காத்திருக்க வேண்டும். நீளமாகத் தோன்றினாலும் அது ஒரு நொடிக்கும் குறைவான நேரம்தான். பிடி திரும்பியதும் ஸ்டீயரிங்கில் கனம் தெரியும், வண்டியின் மூக்கு வளைவின் உள்ளே வரத் தொடங்கும். அப்போது மெல்லத் திருப்பி வளைவை முடியுங்கள். இவ்வளவு நேரமும் கண் போக வேண்டிய பாதையில் இருக்கட்டும். மோதிவிடுவோமோ என்று பயப்படும் மரத்தையே பார்த்தால் கையும் அந்தப் பக்கமே போகும்.

இதற்கு இடம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 11 மீட்டர் போய்விடுவோம். குறுகலான மலைச்சாலையில் அந்த 11 மீட்டர் இல்லாமலும் போகலாம். அதனால்தான் பாதி விடை வளைவுக்கு முன்னாலேயே இருக்கிறது.

பிரேக் அடிக்கலாமா?

ஏபிஎஸ், அதாவது பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் வசதி, இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் விற்கப்படும் புதிய கார்களில் ஏபிஎஸ் கட்டாயம். அதற்கு முந்தைய வண்டி என்றால், சாவியைப் போட்டதும் டாஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள்.

ஏபிஎஸ் இல்லாத வண்டியில் அழுத்தி மிதித்தால் முன் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பூட்டிய சக்கரம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் வண்டி நேராகத்தான் வழுக்கும். மிதித்து, விட்டு, மறுபடி மிதிக்க வேண்டும். ஏபிஎஸ் உள்ள வண்டியில் சக்கரம் பூட்டாது, ஆனால் பிடியின் பெரும்பகுதியை பிரேக்கே எடுத்துக்கொள்ளும், திரும்புவதற்குக் கொஞ்சம்தான் மிஞ்சும். ஆகவே இடம் இருந்தால் முதலில் ஆக்ஸிலேட்டரை விடுவதும் ஸ்டீயரிங்கைத் தளர்த்துவதும்தான். இலேசான பிரேக் போதும்.

இடமே இல்லை, எதிரே லாரி, அல்லது ஓரத்துக்கு இரண்டு அடிதான் மிச்சம் என்றால், ஏபிஎஸ் வண்டியில் தயங்காமல் முழு பலத்தோடு மிதியுங்கள். பெடல் காலுக்கடியில் தடதடவென்று உதறும், பயந்து காலை எடுக்கக் கூடாது. மோதுவது தவிர்க்க முடியாதது என்றாலும் 15 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவதும் 35-இல் மோதுவதும் ஒன்றல்ல. ஹேண்ட்பிரேக்கை மட்டும் தொடாதீர்கள். அது பின் சக்கரத்தைப் பூட்டி வண்டியைச் சுற்றிவிடும்.

வளைவுக்கு முன் எவ்வளவு வேகம் குறைக்க வேண்டும்?

கணக்கைப் பார்த்தால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். காய்ந்த தார்ச்சாலையில் நல்ல டயரின் உராய்வுக் குணகம், அதாவது டயர் சாலையை எவ்வளவு பிடிக்கிறது என்பதைக் காட்டும் எண், சுமார் 0.8. ஈரத்தில் அது 0.4 வரை இறங்கும். 15 மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவை எடுத்துக்கொள்வோம். சாலைச் சரிவைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், காய்ந்த நாளில் தாங்கும் உச்ச வேகம் மணிக்கு 39 கிலோமீட்டர். அதே வளைவு ஈரத்தில் 28. டீசல் சிந்தியோ சேறு படிந்தோ குணகம் 0.2 ஆகிவிட்டால் 20-தான்.

இவை எல்லை வேகங்கள், ஓட்ட வேண்டிய வேகங்கள் அல்ல. வளைவில் தேவைப்படும் பிடி வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. 40-லிருந்து 50-க்குப் போனால் வேகம் கால்பங்குதான் கூடியது, ஆனால் டயரிடம் கேட்கும் பிடி ஒன்றரை மடங்குக்கும் மேல். மழையில் வழக்கமான வளைவு வேகத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிடுங்கள், முன்பின் தெரியாத சாலையில் பாதியாக்குங்கள் என்பேன்.

குறைக்கும் முறையும் முக்கியம். நேரான பகுதியிலேயே பிரேக் பிடித்து, கியரையும் இறக்கி, திரும்பத் தொடங்கும்போது பிரேக்கை விட்டிருக்க வேண்டும். வளைவுக்குள் ஆக்ஸிலேட்டரில் கால் சும்மா பட்டுக்கொண்டிருக்கட்டும். ஸ்டீயரிங் நேராகத் தொடங்கிய பிறகு வேகம் கொடுங்கள். ராலி ஓட்டுநர்கள் பிரேக்கைக் கொஞ்சம் பிடித்தபடியே உள்ளே நுழைவார்கள், முன் டயரில் எடை நிற்பதற்காக. அது பழகிய கால்களுக்கானது.

முதல் மழைதான் ஆபத்து என்கிறார்களே, உண்மையா?

உண்மை. மாதக்கணக்கில் சாலையில் சேர்ந்த எண்ணெய், டயர் தூள், மண் எல்லாம் முதல் தூறலில் கரைந்து வழவழப்பான ஒரு படலமாகிவிடும். நன்றாகக் கொட்டி அடித்துக்கொண்டு போனபின் சாலை கொஞ்சம் தேறும். அதனால் தூறல்தானே என்று அதே வேகத்தில் போவது தவறு, பெருமழையைவிடத் தூறலில்தான் பிடி மோசமாக இருக்கலாம்.

மலையில் இதோடு வேறு சிலவும் சேரும். நிரம்பிய டேங்கோடு ஏறும் பஸ், லாரிகளிலிருந்து வளைவில் டீசல் வழியும். ஈரச் சாலையில் வானவில் நிறத்தில் மினுக்கினால் அது டீசலோ எண்ணெயோதான். மரநிழல் விழும் பகுதியில் பாசி பிடித்திருக்கும், சருகு ஊறிக் கிடக்கும். வெயிலில் தார் கசிந்து கருப்பாகப் பளபளக்கும் பட்டைகளும், சாலையில் அடித்த வெள்ளை, மஞ்சள் பெயிண்டும், பாலங்களின் இரும்பு இணைப்புகளும் ஈரத்தில் மிக மோசம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் வழியில் 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலையில் 70. முப்பத்தொன்பது வளைவு நன்றாக இருந்தது என்பதற்காக நாற்பதாவதும் அப்படியே இருக்கும் என்று நம்பக் கூடாது.

ஏற்றத்தில் அதிகம் வருமா, இறக்கத்திலா?

இரண்டிலும் வரும், காரணம் வேறு.

ஏறும்போது எடை பின்னால் சாய்கிறது, முன் டயர் இலேசாகிறது. அந்த நேரத்தில் ஃபர்ஸ்ட் கியரில் ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் முன் சக்கரம் இருந்த இடத்தில் கிர்ரென்று சுற்றும், மூக்கு வெளியே போகும். ஐந்து பேரும் டிக்கி நிறையச் சாமானும் இருந்தால் இன்னும் சீக்கிரம் வரும். காலைத் தளர்த்துவதுதான் மருந்து. டர்போ இன்ஜின் வண்டிகளில் மிதித்த பின் சற்றுத் தாமதித்துச் சக்தி மொத்தமாக வரும் என்பதால் கால் இன்னும் மென்மையாக இருக்க வேண்டும்.

இறங்கும்போது ஈர்ப்பு விசை வண்டியைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. பிடியின் ஒரு பங்கு எப்போதும் வேகத்தைத் தடுப்பதற்கே போய்விடுகிறது. செகண்ட் கியரில் இறங்குங்கள், நியூட்ரலில் விடவே கூடாது. ஆனால் வளைவுக்குள் போனபிறகு தேர்டிலிருந்து ஃபர்ஸ்ட்டுக்கு இறக்கி கிளட்ச்சை படாரென்று விட்டால், இன்ஜின் இழுப்பே முன் சக்கரங்களை வழுக்கச் செய்யும். அப்படி நேர்ந்தால் கிளட்ச்சை மிதித்து சக்கரத்தைச் சுதந்திரமாக உருள விடுங்கள். கியர் மாற்றும் வேலையை வளைவுக்கு முன்பே முடித்துவிட்டால் இந்தச் சிக்கலே இல்லை.

என்னுடையது இன்னோவா க்ரிஸ்டா. பின் சக்கரம்தானே இழுக்கிறது?

வேகமாக வளைவுக்குள் நுழைந்தால் இதற்கும் முன்பக்கம் தள்ளும். பொலேரோ, ஸ்கார்பியோ எல்லாவற்றுக்கும் அப்படியே. வித்தியாசம் என்னவென்றால், வளைவு முடியுமுன் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இவற்றில் பின்பக்கம் வழுக்கும். நுழையும்போது அண்டர்ஸ்டியர், வெளியே வரும்போது ஓவர்ஸ்டியர் என்று இரண்டையும் பார்க்கலாம். இன்னோவா ஹைக்ராஸ் முன் சக்கர இழுவை, பெயர் ஒன்றாக இருந்தாலும் குணம் வேறு.

ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று விட்டால் வண்டி சுற்றிவிடும் என்கிறார்களே?

நல்ல வேகத்தில், வளைவின் நடுவில், மிதித்திருந்த காலை ஒரேயடியாக எடுத்தால் எடை முழுக்க முன்னால் போய், பின் டயர் இலேசாகி வழுக்கலாம். பின் டயர் தேய்ந்திருந்தால் வாய்ப்பு அதிகம். அதனால்தான் சீராக எடுங்கள் என்றேன். கொண்டை ஊசி வளைவின் 20, 25 கிலோமீட்டர் வேகத்தில் இதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம்.

என் காரில் இஎஸ்பி இருக்கிறது. அது பார்த்துக்கொள்ளாதா?

உதவும், நன்றாகவே உதவும். வண்டி வழுக்கும்போது அதைத் தானாகவே நிலைப்படுத்தப் பார்க்கும் மின்னணு வசதிதான் இஎஸ்பி. ஸ்டீயரிங் கோணத்தையும் வண்டி உண்மையில் திரும்பும் அளவையும் ஒப்பிட்டு, அண்டர்ஸ்டியர் என்று தெரிந்தால் இன்ஜின் சக்தியைக் குறைத்து, வளைவின் உள்பக்கப் பின் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து மூக்கை உள்ளே இழுக்கும். எந்த ஓட்டுநரும் காலால் ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட முடியாது. 1995-இல் மெர்சிடிஸ் பெரிய காரில் வந்த இந்த வசதி, 1997-இல் அதன் ஏ-கிளாஸ் சிறிய கார் ஸ்வீடனில் ஒரு பத்திரிகை நடத்திய சோதனையில் கவிழ்ந்தபின் அந்தக் காரிலும் நிலையான பொருத்தமானது. அதன்பின் சிறிய கார்களிலும் பரவியது. இந்தியாவில் 2023-இல் தொடங்கிய, கார்களின் பாதுகாப்பை நட்சத்திரத்தால் மதிப்பிடும் பாரத் என்கேப் சோதனையில் 3 நட்சத்திரமும் அதற்கு மேலும் வாங்க இது இருந்தாக வேண்டும். புதுக் கார் வாங்குகிறவர்கள் சன்ரூஃபை விட்டுவிட்டாவது இஎஸ்பி உள்ள மாடலை எடுங்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்வேன்.

ஆனால் இல்லாத பிடியை அது உண்டாக்காது. 28-இல் போக வேண்டிய வளைவில் 45-இல் நுழைந்தால் இஎஸ்பி உள்ள காரும் வெளியேதான் போகும். டாஷ்போர்டில் வழுக்கும் கார் படம் மினுக்கினால் அது வேலை செய்கிறது, அதாவது நீங்கள் ஏற்கெனவே எல்லையில் இருக்கிறீர்கள். அடுத்த வளைவுக்கு வேகத்தைக் குறையுங்கள். அது விடாமல் எரிந்துகொண்டே இருந்தால் அணைக்கப்பட்டிருக்கிறது அல்லது பழுது.

இரண்டு டயர்தான் புதிதாக மாற்றப் போகிறேன். முன்னால் போடவா, பின்னால் போடவா?

பின்னால். கடையில் பெரும்பாலும் "இழுக்கிற சக்கரம் முன்னாடிதானே சார், புதுசை முன்னாடி போட்டுடலாம்" என்பார்கள். அண்டர்ஸ்டியர் பற்றி இவ்வளவு நேரம் படித்தபின் உங்களுக்கும் அதுவே சரி என்று தோன்றும். ஆனால் மிச்செலின் உட்பட டயர் நிறுவனங்கள் முன் சக்கர இழுவைக் காருக்கும் புதியதைப் பின்னால் போடவே சொல்கின்றன.

பின் டயர் தேய்ந்திருந்து முன் டயர் புதிதாக இருந்தால், ஈரத்தில் முன்பக்கம் பிடித்துக்கொண்டு பின்பக்கம் வழுக்கும். அதற்கு முன்னறிவிப்பு கிடையாது, நாலு சக்கர வண்டி ஒரு நொடியில் பம்பரமாகிவிடும். முன்பக்கம் வழுக்கும்போதாவது ஸ்டீயரிங் இலேசாகி முன்கூட்டியே சொல்லும், காலைத் தளர்த்தினால் சரியாகும். சமாளிக்கக் கூடிய ஆபத்தை வைத்துக்கொண்டு, சமாளிக்க முடியாததை விலக்குவதுதான் இதன் நியாயம். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை முன்பின் மாற்றிவந்தால் நான்கும் ஒன்றாகத் தேயும், இந்தக் கேள்வியே எழாது.

டயரில் வேறென்ன பார்க்க வேண்டும்?

புது டயரின் பள்ளம் 7, 8 மில்லிமீட்டர் இருக்கும். 1.6 மில்லிமீட்டருக்கு வந்ததும் பள்ளத்துக்குள் இருக்கும் சிறு மேடுகள் டயர் மட்டத்துக்கு வந்துவிடும், அதற்கு மேல் ஓட்டக் கூடாது. மழைக்காலத்துக்கு அது போதாது, 3-க்கு வந்ததுமே மாற்றிவிடுங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2322 என்றால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. பள்ளம் நன்றாக இருந்தாலும் ஐந்தாறு வருடத்தில் ரப்பர் இறுகி ஈரத்தில் பிடிக்காமல் போகும். குறைவாக ஓடும் வீட்டு வண்டிகளில் இதுதான் பிரச்சினை.

காற்றைக் குறைத்தால் பிடி கூடும் என்பது மணலுக்குப் பொருந்தும், ஈரத் தாருக்குப் பொருந்தாது. ஓட்டுநர் கதவுத்தூணில் ஒட்டியிருக்கும் அளவை, டயர் குளிர்ந்திருக்கும்போது வையுங்கள்.

நெடுஞ்சாலையில் தேங்கிய நீரில் ஸ்டீயரிங் திடீரென்று காற்றில் சுற்றுவது போல் ஆகிறதே, இதுவும் அண்டர்ஸ்டியரா?

அது ஹைட்ரோபிளேனிங். டயர் நீரை வெளியே தள்ள முடியாமல் அதன் மேலேயே ஏறி மிதக்கிறது. நேர்ச்சாலையிலும் வரும், இன்ஜின் சுற்று சட்டென்று ஏறுவது அடையாளம். 1960-களில் நாசா விமான டயர்களை வைத்துக் கண்ட சூத்திரத்தின்படி, 32 பிஎஸ்ஐ காற்றுள்ள டயர் தேங்கிய நீரில் மணிக்குச் சுமார் 94 கிலோமீட்டரில் மிதக்கத் தொடங்கும், 24 பிஎஸ்ஐ என்றால் 82-லேயே. மொட்டை டயருக்கு நீர் ஆழமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

ஸ்டீயரிங்கை இருந்த இடத்தில் நேராகப் பிடியுங்கள், ஆக்ஸிலேட்டரை மெல்ல விடுங்கள், பிரேக் வேண்டாம். டயர் தரையைத் தொடும்போது சக்கரம் திரும்பியிருக்கக் கூடாது என்பதுதான் முக்கியம். வேகத்தைத் தானே ஒரே அளவில் வைத்திருக்கும் க்ரூஸ் கன்ட்ரோலை மழையில் அணைத்து வையுங்கள். வேகம் குறைகிறது என்று நினைத்து அதுவே ஆக்ஸிலேட்டர் கொடுத்துவிடும்.

மின்சார காரில் எதாவது வித்தியாசம் உண்டா?

உண்டு. காலை எடுத்ததுமே மோட்டார் பிரேக் போலப் பிடிக்கும் வசதி, நெக்ஸான் இவி போன்ற முன் சக்கர இழுவை வண்டிகளில் முன் சக்கரத்தில் மட்டுமே வேலை செய்கிறது. அதை உச்சத்தில் வைத்துவிட்டு, ஈர வளைவில் காலைச் சட்டென்று எடுத்தால் வளைவின் நடுவில் முன் டயருக்கு பிரேக் அடித்ததற்குச் சமம். மழையில் அதை ஒரு படி குறைத்து வையுங்கள். நீண்ட இறக்கத்தில் முழுக்க அணைக்க வேண்டாம், பிரேக் சூடாகிவிடும். மின்மோட்டார் தொட்டதுமே முழு இழுவையும் கொடுப்பதால், ஏற்றத்து வளைவில் காலை மென்மையாக வைப்பது இதில் இன்னும் அவசியம்.